உன் அம்மா வண்டி படித்தது

மக்கா,

நேற்று நீ போனை வைத்ததிலிருந்து எனக்கு ஒரே யோசனையாக இருக்கிறது. உன் கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. மந்திரகோடிச் சேலை எடுப்பது, கோயிலில் கல்யாண ஓலை வாசிப்பது, பந்தல்காரனிடம் சொல்வது என்று நாம் பேச எத்தனையோ இருந்தன. அவ்வளவும் பேசிய பிறகு, போகிற போக்கில் நீ கட்டப் போகிறவளைப் பற்றி ஒன்று சொன்னாய். "அவளுக்கு பைக் படிக்கணுமாம் அப்பா. அங்க புதுசா ஓட்டுறவங்களுக்குன்னு ஏதோ கிளாஸ் நடக்காம். லீவு போட்டுட்டுப் போறேங்கா. எதுக்குக் கிளாஸு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே படிப்பிச்சுத் தாறேன்னு சொன்னேன். பைக் ஓட்டதுக்கெல்லாம் தனியா ஒரு படிப்பு உண்டுமா?" சொல்லிவிட்டு நீ சிரித்தாய், நானும் கூடச் சிரித்தேன். போனை வைத்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதைப் பற்றி உன்னிடம் பேச வேண்டும் என்று தோன்றியது. ஆனால் போனில் சொன்னால் நீ "செரி அப்பா, செரி அப்பா" என்று அவசரப்படுத்துவாய். அதனால்தான் எழுதுகிறேன். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எட்டு வரை படித்தவனுடைய எழுத்து இது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து உன் அம்மா வண்டி ஓட்டுகிறாள். அவளுக்கு முன்னால் டாங்கில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனவன் நீ. மற்றப் பிள்ளைகளின் அம்மாமார் அடுப்பு ஊதுவதைப் பார்ப்பது போல, உன் அம்மா கிக்கரை உதைப்பதைப் பார்த்து வளர்ந்தாய். அதனால் உனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எனக்கு அப்படியல்ல. இத்தனை வருடம் கழித்தும் அவள் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டினால், நான் செய்துகொண்டிருக்கிற வேலையை விட்டுவிட்டு ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நிற்பேன். கடலில் எவ்வளவோ பார்த்தவன் நான். வள்ளத்தின் பக்கத்தில் திமிங்கிலம் எழும்பி மூச்சு விட்டதைப் பார்த்திருக்கிறேன். வானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் வெள்ளைத் தூணாக நீர் ஏறிப் போவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் என் ஆயுளில் நான் கண்ட பெரிய காட்சி எது என்று யாராவது கேட்டால், உன் அம்மாவின் முதுகு என்றுதான் சொல்வேன். கேலி பேசவில்லை, முழுக்க வாசித்துப் பார்.

நீ ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடத்தில்தான் என் இடது கை இப்படி ஆனது. நங்கூரக் கயிறு ஓடிக்கொண்டிருந்தபோது வளையத்துக்குள் கை சிக்கி, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிக்கு மேல் போயின. மற்ற இரண்டு விரலும் இருந்தன, ஆனால் அவற்றில் பிடி இல்லை. வலை இழுக்க முடியாதவனை எந்த வள்ளத்தில் ஏற்றுவார்கள்? அப்போதெல்லாம் உன் அம்மா தலையில் மீன்வட்டிக் கூடையோடு திருப்புறம் பக்கம் வீடு வீடாக நடந்து விற்றுக்கொண்டிருந்தாள். அதிலும் மண் விழுந்துகொண்டிருந்த காலம் அது. பைக்கின் பின்னால் ஐஸ் பெட்டி கட்டிய ஆட்கள் விடிந்ததும் கடற்கரைக்கு வந்து, நல்ல மீனையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். இவள் நடந்து போய்ச் சேரும்போது அந்த வீடுகளில் மீன் வெந்துகொண்டிருக்கும். அந்தச் சமயத்தில்தான் நம் கோயில் கமிட்டி ஒரு ஏற்பாடு செய்தது. கடலுக்குப் போக முடியாதவர்களும், கடலை விட்டு மீன் விற்கப் போக நினைப்பவர்களும் பைக் வாங்க உதவி செய்வார்கள், ஆனால் முதலில் ஒழுங்காக வண்டி ஓட்டப் படித்து முடிக்க வேண்டும். படிக்காதவனுக்கு வண்டி கிடையாது. நான் பேர் கொடுத்தேன்.

படிப்பிக்க வந்தது ஒரு கன்னியாஸ்திரீ. சிஸ்டர் ஜெசிந்தா என்று பேர். அம்பூரிப் பக்கத்து மலையில் பிறந்தவர், எங்கள் எல்லாரையும்விட வயதில் இளையவர், மெலிந்த உருவம். வடக்கே எங்கோ ரோடே இல்லாத காட்டில் மருந்துப் பெட்டியோடு பல வருடம் பைக் ஓட்டிவிட்டு வந்திருந்தார். முக்காட்டின் மேலேயே ஹெல்மெட்டை மாட்டியிருப்பார், பின்னால் வெள்ளைத் துணி காற்றில் அடித்துக்கொண்டிருக்கும். முதல் நாள் பள்ளிக்கூட மைதானத்தில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் மீசையை முறுக்கிக்கொண்டு நின்றோம். சிஸ்டர் வண்டியை ஸ்டார்ட்டே செய்யவில்லை. ஓடாத வண்டியை மைதானம் சுற்றித் தள்ளிக்கொண்டு வரச் சொன்னார். "பாரம் எங்க இருக்குன்னு கை அறியட்டு. அது அறியாம மேல ஏறண்டா" என்றார். பிறகு வண்டியைப் பையத் தரையில் சாய்த்துப் படுக்க வைத்தார். "வண்டி விழும். விழாத வண்டி இல்ல. எடுத்து நிறுத்துங்க பாப்போம்."

உனக்குப் பனியடிமை மாமாவைத் தெரியும். அந்தக் காலத்தில் கரையில் அவன்தான் பெரிய பலசாலி. கையைத் தேய்த்துக்கொண்டு போய் ஹேண்டிலைப் பிடித்து இழுத்தான். வண்டி பாதி எழும்பி, மறுபக்கம் சாய்ந்து, அவனையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை. வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்து, பின்னால் கையை விட்டுப் பிடித்து, காலை ஊன்றிப் பின்பக்கமாக அடிமேல் அடி வைத்தார். அந்த மெலிந்த பெண்ணின் முதுகோடு ஒட்டிக்கொண்டு வண்டி தானாக எழும்பி வருவது போல நிமிர்ந்தது.

என்னால் அதெல்லாம் முடிந்தது. முடியாமல் போனது கிளட்ச். கியர் போட இடது கையால் பிடித்து, பிறகு பையப் பைய விட வேண்டும். என்னுடைய இரண்டு விரலால் பிடிக்க முடிந்தது, பைய விட முடியவில்லை. விரல் வழுக்கிவிடும், வண்டி வெறிபிடித்த மாடு மாதிரிச் சாடும். ஒரு தடவை கோல் போஸ்டில் கொண்டுபோய் இடித்தேன். மறுபடி முயன்றேன். கடைசியில் சிஸ்டர் வந்து என் இடது கையைத் தன் இரண்டு கையிலும் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சேட்டா, இந்தக் கைய வச்சு கிளட்ச் பிடிக்க முடியாது. மைதானத்துல சாடினா கோல் போஸ்ட்டு. ரோட்டுல சாடினா மனுஷன்" என்றார். அவர் சொன்னது சரி என்று எனக்கே தெரிந்திருந்தது. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் கஞ்சி ஊற்றி வைத்தாள்.

மறுநாள் காலையில் சிஸ்டர் அந்த வண்டியிலேயே நம் முற்றத்தில் வந்து இறங்கினார். நீதான் ஓடிப்போய் சைலன்சரைத் தொட்டுக் கையைச் சுட்டுக்கொண்டாய். உன் கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே உன் அம்மா அவரிடம் "இரிங்க சிஸ்டரே, குடிக்க வெள்ளம் எடுத்துட்டு வாறேன்" என்றாள்.

"வெள்ளம் வேண்டாம். நீ வா. உனக்க கெட்டியோனுக்க எடம் காலியாக் கெடக்கு."

உன் அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் என்னைப் பார்த்தாள், பிறகு சிஸ்டரைப் பார்த்தாள். "எனக்கு சைக்கிளே தெரியாது சிஸ்டரே."

"அது நல்லதாக்கும். மறக்கதுக்கு ஒண்ணும் இல்லல்லோ."

அவள் முகத்தில் அப்போது ஓடியதை என்னால் வாசிக்க முடியவில்லை. பயமா, ஆசையா, இரண்டுமா. "ஆளுக சிரிப்பாங்க" என்று பைய என்னிடம் சொன்னாள். "நடந்து போனா மட்டும் சிரிக்காம இருக்காங்களா? போய்ப் பாரு பிள்ளே" என்றேன். அவ்வளவுதான் நாங்கள் பேசியது. சேலைக்குள்ளே என் பழைய கால்சட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள், மேலே என் முழுக்கைச் சட்டை. செருப்புப் போட்டு வண்டியில் ஏறக்கூடாது என்று சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், நெய்யாற்றின்கரைச் சந்தையில் அவளுக்கு ஒரு கேன்வாஸ் ஷூ வாங்கினேன். அவள் காலில் ஏறிய முதல் ஷூ அது. போட்டுக்கொண்டு முற்றத்தில் இரண்டு எட்டு நடந்தவள் "காலு மண்ண அறியமாட்டேங்கே" என்று சொல்லி நின்றுவிட்டாள்.

அவள் மைதானத்துக்குள் நுழைந்தபோது ஆண்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். பனியடிமைதான் முதலில் ஆரம்பித்தான். "எலே, மீன் வட்டிய எங்க வைக்கப் போறா, தலையிலயா டாங்கிலயா?" சிஸ்டர் அதைக் காதில் வாங்காதது போல வண்டியைத் தரையில் சாய்த்தார். செய்முறையை ஒரு தடவை காட்டிக் கொடுத்தார். உன் அம்மா திரும்பி நின்று, குந்தி, பிடித்து, எழும்பினாள். முதல் தடவையிலேயே வண்டி நிமிர்ந்து நின்றது. சின்ன வயதிலிருந்து பாரத்தைத் தலையில் ஏற்றிக் குந்தி எழும்பின கால்கள் அவை. அதன் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு வரவில்லை.

ஆனால் ஓட்டுவது அவளுக்கு எளிதாக வரவில்லை. மைதானத்தின் நடுவில் ஒரு தென்னை நின்றது. அதைச் சுற்றி வர வேண்டும். அவள் வண்டியை எடுத்தால் எங்கே போக நினைத்தாலும் அந்தத் தென்னையில்தான் போய் முட்டுவாள். ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை. முழங்கை உரிந்தது, முட்டி வீங்கியது. "அது என்னய இழுக்குது சிஸ்டரே" என்று சொல்லி மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். "தென்ன இழுக்கல்ல, உனக்க கண்ணு இழுக்குது. எத நோக்குதியோ அங்கத்தான் வண்டி போவும். விழுவேன்னு பேடிச்சு அதையே நோக்கினா அதுல போய் விழுவ" என்றார் சிஸ்டர். சொல்லிவிட்டு வண்டிக்கு முன்னால் பின்னோக்கி நடக்க ஆரம்பித்தார். "தென்னய மற. எனக்க மொகத்த நோக்கு." உன் அம்மா கண்ணெடுக்காமல் அவரைப் பார்த்தாள். அவர் பின்னோக்கி நடந்தே தென்னையைச் சுற்ற, வண்டியும் நூல் பிடித்தது போல வளைந்து வந்தது.

ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கடல் நினைவு வந்தது. கடலில் நாங்கள் கணியம் பார்ப்போம் அல்லவா, கரையிலிருக்கிற கோயில் கோபுரத்தையும் அதற்குப் பின்னால் தெரிகிற மலையையும் ஒரே கோட்டில் வைத்து வள்ளத்தை ஓட்டுவது. பொங்கி வருகிற அலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் கரை சேர முடியாது. அந்த விஷயம் கடலில் மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன். இரும்புக்கும் அது தெரியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அதே நாளில்தான் அவளுடைய இரண்டு காலும் ஒருசேர மண்ணை விட்டு எழும்பின. அதுவரை ஒரு கால் தரையில் உரசிக்கொண்டே இருக்கும். திடீரென்று இரண்டும் மேலே ஏறி மிதியில் உட்கார்ந்தன. நின்றால் விழுந்துவிடுகிற ஒரு பொருள், ஓடுகிறது என்பதனாலேயே விழாமல் நிற்கிறது. அதன் மேல் என் மனைவி. வாழ்நாள் முழுவதும் சுடுமணலில் பதிந்து பதிந்து நடந்த கால்கள், மண்ணைத் தொடாமல் போய்க்கொண்டிருந்தன. நான் எழும்பி நின்றுவிட்டேன். ஏன் எழும்பினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நற்கருணை வரும்போது எழும்புவது போல எழும்பினேன்.

ஓடத் தெரிந்துவிட்டதே, இனி போதும் என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம். சிஸ்டரோ அதற்குப் பிறகுதான் படிப்பே ஆரம்பித்தது என்பது போல நடந்துகொண்டார். தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுவார். வேகமாக வரும்போது திடீரென்று சிவப்புத் துணியை உயர்த்துவார். கோட்டுக்குள் நிற்க வேண்டும், வண்டி கோணக் கூடாது, சறுக்கக் கூடாது. காலால் மட்டும் பிரேக்கை மிதித்தால் பின்சக்கரம் சறுக்கிக்கொண்டு போகும். கையால் மட்டும் வெடுக்கென்று பிடித்தால் ஆள் தலைகுப்புறப் போவான். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும், வண்டி நிமிர்ந்து நேராக நிற்கும்போது பிடிக்க வேண்டும். "தேங்காப்பால் பிழியத மாதிரி. மொதல்ல பைய, பின்ன பலமா. வெடுக்குன்னு பிடிக்கண்டா" என்பார். காலையிலும் அதுதான், வெயில் ஏறிய பிறகும் அதுதான். பனியடிமை பொறுமை இழந்து கேட்டே விட்டான். "சிஸ்டரே, நாங்க போறதுக்குப் படிக்க வந்தோமா, நிக்கதுக்குப் படிக்க வந்தோமா?"

"போறதுக்கு வண்டிக்குத் தெரியும் சேட்டா. நிக்கதுக்கு நாமதான் படிக்கணும்."

மற்றவர்கள் ஏனோதானோ என்று செய்தார்கள். உன் அம்மா மட்டும் அதை ஒரு செபம் போலச் செய்தாள். வகுப்பு முடிந்து ஆட்கள் போன பிறகும் "இன்னும் ஒருக்கா துணிய பொக்குங்க சிஸ்டரே" என்று கேட்பாள். வீட்டில் உன் தலையில் எண்ணெய் தேய்க்கும்போதுகூட அவள் வலது கை விரல் நான்கும் பைய மடங்கி, பிறகு இறுகும். "தலைய பிழியாத அம்மா" என்று நீ கத்துவாய். உனக்கு நினைவிருக்காது.

லைசென்சுக்குப் போன அன்று நெய்யாற்றின்கரை மைதானத்தில் ஆபீசர் அவளைத் தாண்டி என்னைப் பார்த்து "வரூ" என்று கூப்பிட்டார். "நானல்ல சார், இவளாக்கும்" என்றேன். அவர் பேப்பரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் கம்பிகளுக்கு நடுவில் எட்டுப் போட்டு, கால் ஊன்றாமல் திரும்பி வந்து, அவர் மேசைக்கு முன்னால் ஆடாமல் நிறுத்தினாள். அவர் "கொள்ளாம்" என்று மெச்சிக் கையெழுத்துப் போட்டார்.

அப்படித்தான் நம் வீட்டுக்கு வண்டி வந்தது. ஓட்டுவது அவள், இரண்டு பக்கமும் ஐஸ் பெட்டி, பின்னால் நான். காலையில் கடற்கரையில் மீன் எடுத்து, பாறசாலை தாண்டி, காரக்கோணம் ஆஸ்பத்திரி முக்கில் கொஞ்சம் விற்று, வெள்ளறடை வழியாக அம்பூரி வரை ஏறுவோம். கூவுவதும், எடை போடுவதும், மீன் வெட்டிக் கொடுப்பதும் என் வேலை. பெண்டாட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து போகிறவன் என்று கரையில் பேச்சு இருந்தது. தமிழிலும் சொன்னார்கள், மலையாளத்திலும் சொன்னார்கள். முதலில் கொஞ்ச நாள் எனக்கும் முகம் சுருங்கத்தான் செய்தது. பிறகு அந்தப் பின்சீட்டில் எனக்குக் கிடைத்தது அவர்களில் ஒருவனுக்கும் கிடைக்கவில்லை என்று புரிந்தது. மேலே ரப்பர் மரங்கள் கூடாரம் போலக் கவிந்திருக்கும். வளைவுக்கு முன்னாலேயே அவள் கழுத்து வளைவின் அந்தப் பக்கத்தைத் தேடித் திரும்பும், அதன் பின்னால் தோள் சாயும், அதன் பின்னால் நானும் வண்டியும் மீனும் ஐஸும் எல்லாம் சேர்ந்து சாய்வோம். கட்டினவளின் முகத்தைத்தான் எல்லா ஆண்களும் பார்க்கிறார்கள். அவள் உலகத்தைப் பார்க்கிற விதத்தை அவளுக்குப் பின்னால் இருந்து பார்க்கக் கொடுத்து வைத்தவர்கள் குறைவு.

இனிதான் நான் உன்னிடம் சொல்ல வந்த காரியம். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு நாள் அம்பூரியில் மீன் தீர்ந்து இறங்கிக்கொண்டிருந்தோம். காலிப் பெட்டி கடகடவென்று ஆடியது. அப்போதுதான் சாரல் விழ ஆரம்பித்திருந்தது. புதுமழையில் ரோட்டின் மேல் எண்ணெய் மிதந்து மினுங்கும், அப்போதுதான் வழுக்கு அதிகம் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். பள்ளிக்கூடம் விடுகிற நேரம். ஓரத்தில் ஒரு ஜீப் நின்றது, எதிரே மேலேறி ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. ஜீப்பின் மறைவிலிருந்து ஒரு பெண்பிள்ளை குடையை விரித்துக்கொண்டே ரோட்டுக்கு ஓடி வந்தாள். குடை அவள் முகத்தை மறைத்திருந்தது. உன் அம்மாவின் தோளுக்கு மேலாக நான் பார்த்தேன். சிவப்பு ரிப்பன் கட்டிய இரட்டைச் சடை, நீலப் பாவாடை, அதற்கு நேராக எங்கள் சக்கரம். ஒரு பக்கம் லாரி, ஒரு பக்கம் ஜீப். ஒடித்துப் போக இடமில்லை.

அவள் ஒடிக்கவில்லை, கத்தவுமில்லை. அவள் முதுகு ஒரு விரற்கடைகூட ஆடவில்லை. அவள் இரண்டு தோளும் பைய இறுகுவதை என் நெஞ்சில் உணர்ந்தேன், பிறகு பலமாக. வண்டியின் மூக்கு அமுங்கியது, என் பாரம் முழுக்க அவள் மேல் சாய்ந்தது, அதையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டு வண்டி நேர்கோட்டில் போய் நின்றது. முன்சக்கரம் அந்தப் பிள்ளையின் பாவாடை ஓரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. லாரி எங்களைத் தாண்டிப் போனது. பிள்ளை குடையை உயர்த்திப் பார்த்தாள். நாங்கள் யார் என்று கண்டுகொண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"மீன் தீர்ந்நோ சேச்சி?"

"தீர்ந்நு மோளே. நாளைக்கு வராம்."

அவ்வளவுதான். பிள்ளை ஓடிப் போய்விட்டாள். ஜீப்காரன் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தான், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைத் திண்ணையில் மழைக்கு ஒதுங்கியிருந்தவர்கள் தங்கள் பேச்சை நிறுத்தவில்லை. உன் அம்மா கியரைப் போட்டுப் புறப்பட்டாள். வெள்ளறடை வருவதற்குள் "கொஞ்சம் நிறுத்து" என்றேன். இறங்கி ஒரு ரப்பர் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "என்ன, ஒண்ணுக்கா? பைய வாங்க" என்றாள். அந்த விஷயத்தைப் பற்றி நாங்கள் ஒரு சொல்லும் பேசிக்கொள்ளவில்லை. அது பேச முடியாத அளவுக்குப் பெரியது, அதனால்தான் அவளும் பேசவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது என்ன தெரியுமா மக்கா? ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பிள்ளை வளர்ந்தாள். சட்டியைக் கொண்டுவந்து சாளை வாங்குவாள், நெத்தோலி கொசுறு கேட்பாள். பாவாடை போய்த் தாவணி வந்தது. காரக்கோணத்தில் நர்சிங் படிக்கப் போனாள் என்று கேள்விப்பட்டேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவள் அம்மா, அப்பன் யாருக்கும் தெரியாது. ஒரு வீட்டில் ஒப்பாரி கேட்க வேண்டியிருந்த ஒரு நாள், மீன் குழம்பு இல்லாத ஒரு சாதாரண நாளாகக் கழிந்து போனது. அதற்குக் காரணம், நம் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு பெண் வெயிலில் நின்று சிவப்புத் துணியை உயர்த்தியதும், இன்னொரு பெண் இன்னும் ஒருக்கா, இன்னும் ஒருக்கா என்று கேட்டதும்தான். நீ நடந்த ரோடுகளை எல்லாம் நினைத்துப் பார்க்கிறேன். பந்தை எடுக்க ஓடினாய், பஸ்ஸைப் பிடிக்க ஓடினாய். உனக்காக யார் யார் எங்கெங்கே பைய, பிறகு பலமாகப் பிடித்தார்களோ. அவர்கள் பேர் நமக்குத் தெரியாது. எங்கோ ஒரு மைதானத்தில் அவர்கள் ஒழுங்காகப் படித்திருக்கிறார்கள் என்பது மட்டும் தெரியும், ஏனென்றால் நீ இருக்கிறாய். இதை நினைத்தால் எனக்குக் கோயிலில் முழங்கால் போடுவது போல இருக்கிறது.

அதனால் அவளை அந்த வகுப்புக்கு அனுப்பு. நீ படிப்பித்தால் அவளுக்குப் போவதற்குச் சொல்லிக் கொடுப்பாய். நிற்பதற்கு உனக்கே யாரும் சொல்லித் தந்ததில்லை, பனியடிமை மாமாவின் மகனோடு சேர்ந்து கடற்கரையில் விழுந்து எழும்பிப் பழகினவன் நீ. வெட்கப்படாமல் நீயும் அவளோடு சேர்ந்து பேர் கொடு. அவள் உன்னைவிட நன்றாக ஓட்டினால் சந்தோஷப்படு. ஆட்கள் ஏதாவது சொல்வார்கள், நம் கரையில் சொல்லாத பேச்சா. கல்யாணம் முடிந்து ஒரு நாள் அவளை முன்னால் ஏறச் சொல்லி, நீ பின்னால் ஏறி உட்கார். ரோட்டைப் பார்க்காதே, அவள் எங்கே பார்க்கிறாள் என்று பார்.

இவ்வளவும் எழுதி முடித்தபோது உன் அம்மா கோயிலில் கூட்டம் முடிந்து வந்தாள். என்ன எழுதுகிறேன் என்று கேட்டாள். இத்தனை வருடம் சொல்லாததை இனியாவது அவளிடம் சொல்லலாம் என்று, அம்பூரி இறக்கத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்.

"எந்தப் பிள்ளே? எனக்கு ஓர்மையில்லியே."

"செவப்பு ரிப்பன். குட பிடிச்சிட்டு வந்துதே. லாரி வந்துதே."

"ரிப்பன் கெட்டின பிள்ளைக எத்தற பேரு சாடியிருக்கும். ஒருக்கா ஆடு சாடிச்சு. ஒருக்கா சைக்கிள்ல ஒரு கெழவன். வெள்ளறடைல ஒரு பைத்தியக்காரி நடு ரோட்டுல வந்து இருந்தா. ஒண்ணா ரெண்டா, எத ஓர்ம வைக்கதுக்கு?"

"இதெல்லாம் எப்போ? நான் பின்னாலத்தானே இருந்தேன்?"

உன் அம்மா சிரித்தாள். "இருந்திய. வித்து முடிஞ்சு எறங்கும்போ எனக்க முதுகுல தலய சாச்சுட்டு ஒறங்கிட்டு இருப்பிய. எழுப்பாண்டாமேன்னு பையத்தான் பிரேக் பிடிப்பேன்."

சொல்லிவிட்டு அவள் உடுப்பு மாற்ற உள்ளே போய்விட்டாள். நான் இந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பா